சுண்ணாம்புக்கல்லும் சூப்பர் கிங்சும்

அரியலூர் மண்ணைத் தோண்டினால் பழங்காலக் கடல் உயிர்களின் கல்லெச்சங்கள் கிடைக்கும் என்பதை நாம் அறிவோம். அந்த மண்ணின் சுண்ணாம்புக்கல்லுக்கும் ஒரு கிரிக்கெட் அணிக்கும் உறவு உண்டு என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? 2008-இல் ஐ.பி.எல். போட்டிகள் தொடங்கியபோது, சென்னை அணியின் உரிமையை 9 கோடியே 10 இலட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தது இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம். அதன் ஆலைகளுள் ஒன்று நம் தளவாயில் இருந்தது. ஆக, சென்னை சூப்பர் கிங்ஸ் 'நம் அணி' என்று நான் உரிமை கொண்டாடியதில் வியப்பில்லை.

ஆனால் ஓர் அணி எதனால் நம்முடையதாகிறது? வரலாறு பயிலும் மாணவன் என்ற முறையில், அந்த அணியின் மறக்க முடியாத சில நாட்களைக் கொண்டு இக்கேள்வியை ஆராய விழைகிறேன்.

முதலாண்டு இறுதியாட்டத்தில் இராஜஸ்தானிடம் கடைசிப் பந்தில் தோற்றதையும், 2010-இல் முதற்கோப்பை வென்றதையும் விரித்துரைக்க இடமில்லை. 2011 மே 28 அப்படிப்பட்ட நாளன்று. சேப்பாக்கத்தில் இறுதியாட்டம். நம் முரளி விஜய் 95 ஓட்டங்கள் குவித்தார். ஹஸ்ஸியுடன் முதல் விக்கெட்டுக்கு அவர் சேர்த்தவை 159. பிறகு பெங்களூரின் கெயிலை முதல் ஓவரிலேயே ஓட்டமின்றி வெளியேற்றினார் அசுவின். தமிழ்நாட்டு இளைஞர் இருவர் தமிழ்நாட்டு மண்ணில் கோப்பையைத் தேடித் தந்தனர். அன்று என் கேள்விக்கு இடமே இல்லை.

சூதாட்டப் புகாரால் 2016, 2017 ஆகிய ஈராண்டுகள் விலக்கி வைக்கப்பட்ட அணி 2018-இல் மீண்டது. அப்போது காவிரிப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்தது. கொள்ளிடக் கரையில் வாழும் நமக்கு அதன் சூடு தெரியாதா? ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுக்கு எதிராக ஒரு பந்து மீதமிருக்க 200-க்கு மேல் துரத்தி வென்றனர். திடலிலோ செருப்பு வந்து விழுந்தது! எஞ்சிய உள்ளூர் ஆட்டங்கள் புனேக்கு மாறின; இரசிகர்கள் தனி இரயிலேறிப் பின்தொடர்ந்தனர். மும்பையில் நடந்த இறுதியாட்டத்தில் முதற்பத்துப் பந்துகளில் ஓட்டமே எடுக்காத வாட்சன், 57 பந்துகளில் 117 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார். விளையாட்டை நிறுத்தச் சொன்னவனும் இரயிலேறியவனும் ஒரே ஊர்க்காரர்களாக இருந்திருக்கக்கூடும். இருவரையும் நான் குறை சொல்லமாட்டேன்.

இனி 2023. மழையால் ஒருநாள் தள்ளிப்போன அகமதாபாத் இறுதியாட்டத்தைப் பெரம்பலூர்ப் பக்கத்து எங்கள் கிராமத்துத் திண்ணையில் கூடிப் பார்த்தோம். குஜராத் அணிக்காக நம் சாய் சுதர்சன் 47 பந்துகளில் 96 விளாசினார். இருபது இலட்ச ரூபாய்க்கு வாங்கப்பட்டவர் அவர். பந்துவீச்சாளர்கள் திகைத்து நின்றனர்.

"ஏண்டா தம்பி, அடிக்கிற பய நம்மூரு பயலா?" என்றார் பெரியப்பா.

"ஆமாம் பெரியப்பா, சென்னைப் பையன்."

"அப்ப நம்ம டீமுல நம்ம பய யாரு?"

நான் பதினொரு பெயர்களையும் மனத்துக்குள் எண்ணிப் பார்த்தேன். ஒருவர்கூட இல்லை. எங்கள் வீட்டு மாடு கத்தியதைச் சாக்கிட்டு எழுந்து போய்விட்டேன்.

திரும்பி வருவதற்குள் மறுபடி மழை. நள்ளிரவுக்குப்பின், 15 ஓவர்களில் 171 என்று இலக்கைத் திருத்தினர். கடைசி ஓவரில் தேவை 13. மோகித் சர்மா வீசிய முதல் நான்கு பந்துகளில் மூன்று ஓட்டங்களே வந்தன. இரண்டு பந்துகளில் பத்து! ஜடேஜா ஐந்தாம் பந்தை ஆறாக்கினார். ஆறாவதைக் காலோரமாகத் தட்டி நான்காக்கினார். ஐந்தாம் கோப்பை.

ஜடேஜா பிறந்தது குஜராத்தில். சென்னையை வெல்ல நெருங்கியவர் தமிழர், காத்தவர் குஜராத்தி. தெருவில் வெடி வெடித்தது. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டபடி, "அந்த 96 அடிச்ச பயலுக்கு என்ன குடுப்பாங்க?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார்.