பச்சிளங்குழந்தையின் தைராய்டு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கழுத்தின் முன்புறம் உள்ள தைராய்டு சுரப்பி, உணவில் கிடைக்கும் அயோடினைக் கொண்டு தைராக்சின் என்னும் ஹார்மோனை உருவாக்குகிறது. முதல் மூன்று ஆண்டுகளின் மூளை வளர்ச்சிக்கு இது இன்றியமையாதது. பிறவியிலேயே இது போதிய அளவு சுரக்காத நிலை பிறவித் தைராய்டு குறைபாடு எனப்படும். இந்தியாவில் ஏறத்தாழ 1000 குழந்தைகளுள் ஒன்றுக்குக் காணப்படும் இக்குறைபாட்டால் அறிவுத்திறன் குன்றுவதை முதல் வாரங்களிலேயே தடுக்க இயலும் எனினும், சில நம்பிக்கைகள் அவ்வாரங்களை வீணாக்கிவிடுகின்றன.

நம்பிக்கை: நல்ல எடையுடன் பிறந்து அமைதியாக உறங்கும் குழந்தைக்குக் குறையேதும் இராது.

உண்மை: தாயின் தைராக்சின் நஞ்சுக்கொடி வழியே ஓரளவு கருவை அடைவதால், குறைபாடுள்ள குழந்தைகளுள் பெரும்பாலானவை பிறக்கையில் இயல்பாகவே தோன்றுகின்றன. நீடிக்கும் மஞ்சள் காமாலை, மலச்சிக்கல், கரகரத்த அழுகை, பருத்த நாக்கு, தொப்புள் பிதுக்கம் ஆகியவை சில வாரங்கள் கழிந்தே வெளிப்படுகின்றன. பசித்தும் எழாமல் உறங்கும் குழந்தையைச் சமர்த்து என்று வீட்டார் மெச்சிவிடுவதும் உண்டு. அறிகுறிகளுக்குக் காத்திராமல் கண்டறியும் பொருட்டே, 1970களில் கனடாவின் கியூபெக்கில் மருத்துவர் ழான் டுசோ, வடிதாளில் உலர்த்திய குருதித் துளியில் தைராக்சினை அளக்கும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

நம்பிக்கை: அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்தும் வீட்டில் இச்சோதனை தேவையில்லை.

உண்மை: நிலையான குறைபாட்டுக்குப் பெரும்பாலும் காரணமாவது, சுரப்பி உருவாகாமலோ, சிறுத்தோ, நாவின் அடியில் இடம் மாறியோ அமைவதாகும், எஞ்சியவற்றுள் பல, ஹார்மோனை உருவாக்கும் நொதிகளின் மரபணுக் கோளாறால் நேர்பவை. சுரப்பியே இல்லாத இடத்தில் அயோடின் எவ்வளவு கிடைப்பினும் பயனில்லை.

நம்பிக்கை: அப்படியாயின் அயோடினுக்கு இதில் பங்கில்லை, சாதாரணக் கல்லுப்போ இந்துப்போ போதும்.

உண்மை: சுரப்பி நன்றாக அமைந்த குழந்தைக்கும் மூலப்பொருள் வேண்டும், அதைக் கருவிலும் தாய்ப்பாலிலும் அளிப்பவள் தாய் என்பதால், அவளது அன்றாடத் தேவை 250 மைக்ரோகிராமாக உயர்கிறது. அயோடின் சேர்க்கப்படாத உப்பு எதுவாயினும் இதை ஈடுசெய்யாது. 1956-இல் காங்க்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசாமியும் பிறரும் தொடங்கிய ஆய்வு, அயோடின் பற்றாக்குறையால் நேரும் கழுத்துக் கழலை, அயோடின் கலந்த உப்பால் குறைவதைக் காட்டியது. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. எனினும் மிகுதியான அயோடினும் தீங்கே: தொப்புளில் தடவும் பொவிடோன் அயோடின், குறிப்பாகக் குறைமாதக் குழந்தைகளில், சுரப்பியைத் தற்காலிகமாக முடக்கக்கூடும்.

நம்பிக்கை: பிறந்தவுடன் எடுக்கும் ஒரு சோதனையே நோயை உறுதிசெய்துவிடும்.

உண்மை: இச்சோதனையில் அளக்கப்படும், சுரப்பியைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோன், பிறந்த முதல் நாளில் எல்லாக் குழந்தைகளுக்கும் திடீரென உயர்ந்து தணிவதால், 48 மணி நேரம் கடந்தபின் குதிகாலில் குருதி எடுப்பதே சிறந்தது. அளவு உயர்ந்திருப்பின் சிரையில் எடுத்த குருதியைக் கொண்டு உறுதிப்படுத்த வேண்டும். குறைமாதக் குழந்தைகளுக்குக் குறைபாட்டைக் காட்டும் டி.எஸ்.எச். உயர்வு தாமதமாகத் தெரியலாம் என்பதால் சில வாரங்களில் மீண்டும் சோதிக்கப்படுகிறது.

நம்பிக்கை: இவ்வளவு சிறு வயதில் ஹார்மோன் மாத்திரை ஆபத்தானது.

உண்மை: லெவோதைராக்சின் என்பது உடல் தானே சுரக்க வேண்டியதன் ஈடேயன்றி அந்நியப் பொருளன்று. முதல் இரண்டு வாரங்களுக்குள், எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம் என மருத்துவர் வகுக்கும் அளவில், மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலிலோ நீரிலோ கரைத்துக் கொடுக்கத் தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகளின் அறிவு வளர்ச்சி இயல்பாக அமைகிறது. குறைபாடு தற்காலிகமானதெனக் கருத இடமிருப்பின் மூன்று வயதுக்குப் பின் மருந்தை நிறுத்திப் பார்க்கலாம். அம்முடிவும் மருத்துவருக்கே உரியது. இச்சோதனை இந்தியாவில் எல்லா இடங்களிலும் சீராக நடைபெறாததால், பிரசவம் நடந்த மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புமுன் குருதி எடுக்கப்பட்டதா, முடிவு என்று கிடைக்கும் என்பவற்றைப் பெற்றோரே கேட்டறிதல் அவசியமாகிறது.