தூண்டில் கோலுக்கு ஏற்ற மூங்கில்

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பண்ணைக் குட்டை வெட்டி, கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டு வளர்க்கும் விவசாயிகள் பலர் உண்டு. குஞ்சு விட்ட ஆறேழு மாதத்தில் குட்டையைப் பார்த்தால், விட்ட மீனை விட விடாத மீன் அதிகமாக இருக்கும். அதுதான் ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் 1952-ல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. வாய்க்கால் தண்ணீரோடு ஒரு ஜோடி உள்ளே வந்தாலும் போதும். தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் தன் வாயிலேயே வைத்துக் காப்பதால் சேதம் குறைவு. குஞ்சுகள் இரண்டு மூன்று மாதத்திலேயே தாங்களும் முட்டையிடத் தொடங்கிவிடும். கட்லாவுக்குப் போடும் தவிட்டையும் பிண்ணாக்கையும் இவை தின்று, தாங்களும் வளராமல், மற்ற மீனையும் வளர விடாமல் செய்யும். வயலில் களை போல, குட்டையில் இது களை.

இதை அடியோடு ஒழிக்கக் கோடையில் குட்டையை வற்ற வைப்பதே வழி. ஆனால் மீன் வளரும் காலத்தில் அது முடியாது. வலை வீசினால் கரையோர வேரிலும் முள்ளிலும் மாட்டிக் கிழியும், கட்லாவும் அடிபடும். ஆண் ஜிலேபி கரையோரத்து ஆழமில்லாத சேற்றில் குழி பறித்து, அந்த இடத்தை விட்டு நகராமல் காவல் இருக்கும். அதனால் தூண்டிலுக்கு அது எளிதில் அகப்படும். நாள்தோறும் காலை, மாலை அரை மணி நேரம் தூண்டில் போட்டால் வீட்டுக்குக் குழம்பு மீன் ஆயிற்று, குட்டைக்கும் பாரம் குறைந்தது. தூண்டிலால் மட்டுமே ஜிலேபியைத் தீர்த்துவிடலாம் என்று நினைப்பது தவறு. கையில் இருக்கும் கோல் சரியில்லாவிட்டால் இந்தச் சிறு பயனும் கிடைக்காது.

கோல் நீளமாக இருக்க வேண்டும், கனமில்லாமல் இருக்க வேண்டும், விறைப்பாகவும் இருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒன்றோடொன்று முரண்படுவதால்தான் நல்ல கோல் அமைவது அரிதாக இருக்கிறது.

கரையில் ஆள் நிழல் விழுந்தால் மீன் விலகும். நாலடி பின்னால் நின்று, முள் மரத்துக்கும் தாமரைக் கொடிக்கும் நடுவே உள்ள இடைவெளியில் தூண்டிலை நேராக இறக்க நீளக் கோல் வேண்டும். குட்டைக்கும் கிணற்று வாய்க்காலுக்கும் 10 அடி போதும். ஏரிக்கரைக்கு 12 அடி. அதற்கு மேல் போனால் ஒரு கையால் ஆள முடியாது. மீன் கடித்ததைக் கைக்கு உணர்த்துவது விறைப்பு. கடித்த மீன் வேருக்குள் நுழையும் முன் மேலே தூக்குவதற்கும் அதுவே உதவும்.

அமெரிக்காவில் கிராப்பி என்ற ஏரி மீனை இதே முறையில்தான் பிடிக்கிறார்கள். அதுவும் தண்ணீரில் மூழ்கிய மரங்களின் நடுவே கூட்டமாக நிற்கும். அதற்கென்றே 10 முதல் 16 அடி வரை நீளமான, எடை குறைந்த, விறைப்பான கோல்கள் அங்கே விற்கின்றன. முன்பு அவர்களும் மூங்கிலைத்தான் பயன்படுத்தினார்கள். இப்போது பெரும்பாலும் கார்பன் இழைக் கோல். கிராப்பியின் வாய்த்தோல் காகிதம் போல் மெல்லியது, வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். ஜிலேபியின் உதடு தடித்தது. ஆகவே விறைப்பான கோல் நமக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும்.

பருமனும் பொந்தும்

கோலின் பருமன் சிறிது கூடினாலும் விறைப்பு பல மடங்கு கூடும். ஐந்தில் ஒரு பங்கு பருமன் அதிகமான கழி, ஏறத்தாழ இரண்டு மடங்கு விறைப்பாக இருக்கும். நீளம் இதற்கு எதிராக வேலை செய்யும். ஒரே பருமனுள்ள கழியில் 10 அடியை 12 அடியாக்கினால், நுனியில் தொங்கும் அதே எடைக்கு ஒன்றே முக்கால் மடங்கு வளையும். நீளக் கோலுக்கு அடிப்பருமனும் கூட வேண்டும் என்பது இதனால்தான்.

பருமன் கூடினால் கனமும் கூடுமே என்று கேட்கலாம். அதற்குப் பொந்துதான் விடை. கழியின் பருமனில் பாதி அளவு உள்ளே பொந்து இருந்தால், எடையில் கால் பங்கு குறைகிறது. விறைப்பில் குறைவது வீசம் பங்குதான். கையில் பாரம் குறைய, பலம் அப்படியே நிற்கிறது. சவுக்குக் கழி தூண்டிலுக்குச் சுகப்படாததும், மூங்கில் சுகப்படுவதும் இந்தக் கணக்கினால்தான்.

மூங்கிலில் கல் மூங்கில் என்பது மெலிந்து, நேராக வளர்வது. வறண்ட சரிவில் வளர்ந்தது உள்ளே கெட்டியாக இருக்கும். அது தடிக்கும் ஏணிக்கும் ஏற்றது; தூண்டிலுக்குப் பாரம். அதே மூங்கில் ஈரமான ஓடைக்கரையில் வளர்ந்தால் அடியில் பொந்து விழுந்திருக்கும். அதைத்தான் தேட வேண்டும். முள் மூங்கில் பெரும்பாலும் தூண்டிலுக்கு மீறிய பருமன். 12 அடிக் கோலுக்கு அடிப்பருமன் ஓர் அங்குலம், நுனி பென்சிலை விடச் சற்று மெலிவு, எடை அரைக் கிலோவுக்குள் என்று அமைந்தால் நல்ல கோல். கணுக்கள் நெருக்கமாக இருப்பது மேல்.

கழியின் வயது முக்கியம். இந்த ஆண்டு முளைத்த கழி பளபளவென்று பச்சையாக, பாளை உதிராமல் இருக்கும். நேராக இருக்கிறதே என்று அதை வெட்டுவதுதான் பலர் செய்யும் தவறு. காய்ந்ததும் சுருங்கி வளைந்து, சில மாதத்தில் உளுத்துப் பொடி கொட்டும். மூன்று, நான்கு ஆண்டு ஆன கழி பச்சை மங்கி, மேலே சாம்பல் படர்ந்தது போலிருக்கும். தட்டினால் கணீரென்று ஒலிக்கும். புதரின் உட்பக்கத்தில் அவை நிற்கும். மழைக்காலத்தில் வெட்டக் கூடாது. தை, மாசியில் வெட்டுவது நலம். அப்போது புதுக் குருத்துக்கும் சேதமில்லை.

சொந்த நிலத்து மூங்கிலை வெட்டத் தயங்க வேண்டியதில்லை. 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தில் மரம் என்ற வரையறைக்குள் இருந்த மூங்கிலை, 2017-ல் நீக்கிவிட்டார்கள். கொல்லிமலை, சேர்வராயன் மலைக் காப்புக் காடுகளில் வெட்டுவது குற்றம்தான், அதில் மாற்றமில்லை.

வெட்டிய கழியை மூன்று, நான்கு வாரம் தண்ணீரில் அமுக்கி வைத்தால் உள்ளிருக்கும் மாவுச்சத்து கரையும். உளுக்கும் வண்டுக்குத் தீனி இராது. பிறகு நிழலில் நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேல் காயவிட வேண்டும். வெயிலில் போட்டால் வெடிக்கும். கோணலான கணுவில் வேப்பெண்ணெய் தடவி, தணலில் காட்டிச் சூடேற்றி, மெதுவாக எதிர்ப்பக்கம் அழுத்தி ஈரத்துணி சுற்றினால் நேராகும். அவசரப்பட்டால் ஒடியும்.

சந்தையில் வாங்குவோர் இரண்டு மூன்று கோல்களை ஒரே மாதிரி பிடித்து, ஒவ்வொன்றின் நுனியிலும் கால் கிலோ எடையைக் கட்டிப் பார்க்கலாம். வளைவு நுனிப் பக்கத்து மூன்றில் ஒரு பங்கில் இருக்க வேண்டும். கைப்பிடியிலிருந்தே வளைந்தால் வேண்டாம். எடையை எடுத்ததும் நேராக நிமிராத கழி முற்றாதது. கோலை ஒரு முறை உலுக்கி நிறுத்தும்போது நுனியாட்டம் சட்டென்று அடங்கினால் அது விறைப்பானது. நுனி தொய்வாக இருந்தால் இரண்டு விரல் அளவாகக் குறைத்துப் பார்க்கலாம். ஒரேயடியாக வெட்டிவிட்டால் ஒட்ட வைக்க முடியாது.

தங்கூசி நரம்பு கோலின் நீளத்துக்கு ஒரு சாண் குறைவாக இருந்தால் மீன் நேரே கைக்கு வரும். நரம்பை நுனியில் மட்டும் கட்டாமல், இரண்டு கணு கீழேயும் ஒரு முடிச்சுப் போட வேண்டும். நுனி ஒடிந்தாலும் மீன் போகாது. இரைக்கு மண்புழுத் துண்டே போதும். தப்பித்தவறி கட்லா, ரோகு குஞ்சு மாட்டினால் ஈரக் கையால் பிடித்துத் திரும்ப விட வேண்டும். ஏரியிலும் அணையிலும் மீன்பிடி உரிமை குத்தகையில் இருக்கும். கேட்டுக்கொண்டு இறங்குவது நல்லது.

தலைக்கு மேலே மின்கம்பி

பம்பு செட்டுக்கு வரும் மின்கம்பி பல வயல்களில் குட்டையை ஒட்டியே போகிறது. 12 அடிக் கோலைத் தோள் உயரத்தில் நிமிர்த்தினால் நுனி 17 அடியைத் தொடும். தாழ்ந்து தொங்கும் கம்பி அந்த உயரத்தில் இருக்கும். கடையில் விற்கும் கார்பன் கோல் எடையிலும் விறைப்பிலும் மூங்கிலை மிஞ்சும் என்பது உண்மை. ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தும். கண்ணாடி இழைக் கோலும் மூங்கிலும் காய்ந்திருக்கும்போது கடத்துவது குறைவு. நனைந்துவிட்டால் அவற்றையும் நம்ப முடியாது. தூண்டில் போடுவோர் கோலை நனைக்காமல் இருப்பதும் இல்லை. கம்பி போகும் பக்கத்துக் கரையில் நிற்கவே கூடாது. இடம் மாறும்போது கோலைக் கிடையாகப் பிடித்து நடக்க வேண்டும். இடி மின்னல் தெரிந்தால் கோலைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். சிறுவர்களிடம் நீளக் கோலைக் கொடுப்பவர்கள் முதலில் கம்பி இல்லாத கரையைக் காட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். கம்பியில் நரம்பு சிக்கிக்கொண்டால் இழுக்கவோ, இன்னொரு கழியால் தள்ளவோ கூடாது. அப்படியே விட்டு விலகி, அருகிலுள்ள மின்வாரிய அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.