விக்கியில் எழுதவைக்கப் போகும் இளம் ஆசிரியர்களுக்கு

மாணவர்களைக் கூட்டாக எழுதவைக்க விக்கி நல்ல இடம். ஆனால் கணினி ஆய்வகத்தைத் திறந்துவிட்டால் மட்டும் அது நடந்துவிடாது. மூத்தவன் என்ற உரிமையில் சில சொல்கிறேன்.

1. எடுத்த எடுப்பிலேயே விக்கிப்பீடியாவுக்குக் கூட்டிப்போகாதீர்கள். 2011இல் விக்கிமீடியா அறக்கட்டளை புணேக் கல்லூரிகளில் ஒரு கல்வித் திட்டம் நடத்தியது. மாணவர்களில் பலர் புத்தகத்திலும் இணையத்திலும் இருந்ததை அப்படியே எடுத்து ஒட்டினார்கள். அதை நீக்கி நீக்கியே ஆங்கில விக்கிப்பீடியாவின் தன்னார்வலர்கள் சலித்துப்போனார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் திட்டம் நின்றது. மாணவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வரி மாறாமல் எழுதினால் முழு மதிப்பெண் என்று பழக்கியது யார்? முதல் பருவத்துக்குக் கல்லூரிக்குள்ளேயே ஒரு விக்கி போதும். மூடில் என்ற கற்பித்தல் மென்பொருளில் அந்த வசதி உண்டு. விக்கிப்பீடியா ஓடும் மீடியாவிக்கி மென்பொருளும் இலவசம்தான்.

2. அடுத்தவர் வாக்கியத்தில் கைவைக்கப் பழக்குங்கள். எல்லாவற்றிலும் கடினம் இதுதான். ஐந்து பேரிடம் ஒரு கட்டுரையைக் கொடுத்தால் ஆளுக்கொரு பத்தியாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள். "அவ எழுதினதை நான் எப்படி சார் மாத்துறது, வருத்தப்படுவாளே" என்பார்கள். ஐந்து பத்தியும் ஐந்து குரலில் இருக்கும். ஒரே தகவல் மூன்று இடத்தில் வரும். அதனால் முதல் வாரம் புதிதாக எதையும் எழுதவிடாதீர்கள். பிறர் பத்தியைச் சுருக்குவது, பிழை களைவது, சான்று தேடிச் சேர்ப்பது, இவ்வளவுதான் வேலை. 1995இல் வார்டு கன்னிங்காம் முதல் விக்கியைத் திறந்தபோதே, வருகிறவர் யாரும் திருத்தலாம் என்பதுதான் ஏற்பாடு. கெடுத்துவிடுவோமோ என்ற பயம் போக, வகுப்பின் கண்ணெதிரே ஒரு பக்கத்தை முழுக்க அழித்துவிட்டு, பக்கத்தின் வரலாற்றிலிருந்து பழைய பதிப்பை மீட்டுக் காட்டுங்கள். அதற்குப் பிறகு கை தயங்காது.

3. மதிப்பெண் போடும் முன் வரலாற்றுப் பக்கத்தைப் படியுங்கள். யார், எப்போது, எதை மாற்றினார் என்பதெல்லாம் அங்கே இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் எதிரே நிற்கும் பைட் கணக்கை மட்டும் நம்பிவிடாதீர்கள். தமிழில் 'க' என்ற ஒரு எழுத்துக்கே மூன்று பைட், 'கொ' ஆறு. பக்கம் பக்கமாக ஒட்டியவர் பெயருக்கு எதிரே பெரிய பச்சை எண் நிற்கும். வளவளப்பை வெட்டிக் கட்டுரையைக் காப்பாற்றியவருக்குச் சிவப்பில் கழித்தல் குறி விழும். நான் பெரும்பாலும் சிவப்புக்காரருக்குத்தான் கூடுதலாகப் போடுவேன். இன்னொன்று: வாட்ஸ்அப் குழுவில் எழுதி முடித்து, குழுத் தலைவர் மொத்தமாக ஏற்றினால் வரலாற்றில் ஒரே பெயர்தான் வரும். வரைவும் விக்கியிலேயே நடக்கட்டும்.

4. ஒவ்வொரு திருத்தத்துக்கும் தொகுப்புச் சுருக்கம் (எதை, ஏன் மாற்றினேன் என்ற ஒரு வரி) கேளுங்கள். "திருத்தினேன்" என்பது சுருக்கம் ஆகாது.

5. சண்டை வந்தால் உரையாடல் பக்கத்துக்கு அனுப்புங்கள். ஊர்க் குளத்தை வெட்டிய ஆண்டை இரண்டு நூல்கள் இரண்டு விதமாகச் சொல்கின்றன என்று வையுங்கள். நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டு தரப்பும் சான்றோடு எழுதிக் கையொப்பமிடட்டும். அப்படியும் தீரவில்லையென்றால் கட்டுரையில் இரண்டு ஆண்டையும் தருவதுதான் முறை.

6. ஆய்வகச் சங்கதி: விக்கிப்பீடியாவில் ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு நாளில் ஆறு கணக்குதான் தொடங்க முடியும். ஆகவே வீட்டிலேயே கணக்குத் தொடங்கி வரச் சொல்லுங்கள். ஒரே பத்தியை இருவர் ஒரே நேரத்தில் திறந்து திருத்தினால், பிந்திச் சேமிப்பவருக்குத் தொகுப்பு முரண்பாடு வரும். பிரிவு பிரிவாகத் திறந்து, அவ்வப்போது சேமிக்கச் சொன்னால் பாதித் தொல்லை குறையும்.

7. கை பழகிய பிறகு தமிழ் விக்கிப்பீடியாவுக்கு வாருங்கள். 2003இல் தொடங்கிய தளம் அது. 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி வைத்தது இந்தத் தளத்துக்காகத்தான். அங்கே சேமித்ததை யாரும் எடுத்தாளலாம், மாற்றலாம். சேமிக்கும் முன்பே இதை மாணவரிடம் சொல்லிவிடுங்கள்.

இதையெல்லாம் தொடங்கும் முன், உங்கள் கணக்கிலிருந்து விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை எழுதுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் வந்து அதைத் திருத்தும்வரை காத்திருந்து, பிறகு வகுப்புக்குப் போங்கள்.