சுருளில் படியும் தூசு

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (இயற்பியல்) மாணவர் ஒருவர்

ஏ.சி. என்பது குளிரை உண்டாக்கும் பொறி என்று பலரும் கருதுகின்றனர். இயற்பியல் பயிலும் நமக்கு இக்கருத்து ஒவ்வாது. குளிர் என்று தனியே ஒரு பொருள் இல்லை. வெப்பம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்கிறது, அவ்வளவே. அறையிலுள்ள வெப்பத்தை வாரி வெளியே கொட்டும் வேலையாள்தான் ஏ.சி. 1902ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்திற்காக வில்லிஸ் கேரியர் என்ற பொறியாளர் இதனை வகுத்தபோது, மனிதருக்குச் சுகம் தருவது அவர் நோக்கமன்று. ஈரக் காற்றில் தாள் நீண்டும் சுருங்கியும் வண்ணங்கள் பொருந்தாமற் போனதைச் சரிசெய்வதே அவருக்கு இடப்பட்ட பணி.

இந்த வேலையாளுக்கு இரண்டு கைகள் உண்டு. அறைக்குள் ஒரு சுருள், வெளியே ஒரு சுருள். இரண்டும் செம்புக் குழாய்கள். அவற்றின்மேல் மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாகக் கோக்கப்பட்டிருக்கும். உள்சுருளில் திரவம் ஆவியாகி, தனக்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தை அறைக் காற்றிலிருந்து பெறுகிறது. வெளிச்சுருளில் அந்த ஆவி மீண்டும் திரவமாகி, பெற்றதை வெளிக் காற்றுக்குக் கொடுக்கிறது. தகடுகளுக்கிடையே காற்று தடையின்றி ஓடினால்தான் இந்தக் கொடுக்கல் வாங்கல் நடைபெறும்.

வெளிச்சுருளில் தூசு அடைத்தால் என்ன ஆகும்? வெப்பம் வெளியேற வேண்டுமானால் சுருள் இன்னும் சூடாக வேண்டும். நாம் வகுப்பில் படித்த கார்னோ வாய்பாட்டையே எடுத்துக்கொள்வோம். உள்சுருள் 283 கெல்வின், வெளிச்சுருள் 323 கெல்வின் எனில், செயல்திறன் கெழு 283ஐ 40ஆல் வகுக்க ஏறத்தாழ 7.1. வெளிச்சுருள் 10 டிகிரி கூடினால் 283ஐ 50ஆல் வகுக்க வேண்டும், கெழு 5.7 அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஐந்தில் ஒரு பங்கு போயிற்று! உண்மைப் பொறியின் கெழு இதைவிடக் குறைவுதான். எனினும் சரிவு எத்திசையில் என்பது விளங்கும். அந்தச் சரிவு மின்கட்டணச் சீட்டில் தெரியும்.

உள்சுருளின் கதை இன்னும் சுவையானது. என் சிற்றப்பா ஏ.சி. பழுது பார்ப்பவர். விடுமுறை நாட்களில் அவருக்கு ஏணி பிடிக்கச் செல்வேன். எட்டாம் வகுப்போடு நின்றவர். உள்ளுறை வெப்பம் என்ற சொல் அவருக்குத் தெரியாது. ஆனால் செம்புக் குழாயின்மேல் புறங்கையை வைத்துப் பார்த்தே பொறியின் நிலையைச் சொல்லிவிடுவார். சுருளில் பனிக்கட்டி படிந்திருந்தால் வீட்டுக்காரர்கள் பெரும்பாலும், "கேஸ் போயிடுச்சு போல" என்பார்கள். சிற்றப்பாவின் பதில் ஒன்றுதான்: "முதல்ல ஃபில்டரைப் பார்ப்போம் சார், கேஸை அப்புறம் பேசலாம்."

அவர் சொல்வதில் இயற்பியல் இருக்கிறது. ஃபில்டரும் சுருளும் அடைபட்டால் சுருளுக்கு வரும் காற்று குறைகிறது. திரவம் ஆவியாகப் போதிய வெப்பம் கிடைப்பதில்லை. அழுத்தம் தாழ்கிறது, அதனுடன் கொதிநிலையும் தாழ்கிறது. சுருளின் வெப்பநிலை 0 டிகிரி செல்சியசுக்குக் கீழே சென்றதும், காற்றின் ஈரம் அதன்மேல் உறைகிறது. அந்தப் பனி மிச்சமிருந்த வழியையும் அடைக்கிறது. வாயு குறைந்தாலும் அழுத்தம் தாழ்ந்து இதே பனி கட்டும் என்பதுதான் சிக்கல். இரண்டையும் பிரித்தறியாமல் வாயு நிரப்பினால் காசும் போகும், பனியும் நிற்கும். சுத்தம் செய்தபின் பனி மீளாவிட்டால் குற்றவாளி தூசுதான்.

இன்னொன்று. வாயு, அடுப்பு எரிவாயுபோல் எரிந்து தீர்வதன்று. மூடிய வழியில் அதே வாயுவே சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்தது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் கோடைதோறும் நிரப்பச் சொல்பவரிடம், "எங்கே கசிகிறது?" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. மாதச் சம்பளத்தில் தவணை கட்டி வாங்கியவர்கள் இக்கேள்வியைக் கேட்கத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

சுத்தம் செய்யும் முறைக்கு வருவோம். ரிமோட்டில் நிறுத்தினால் போதாது. மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்த வேண்டும். ஃபில்டரைக் கழற்றி வெறும் நீரில் கழுவி நிழலில் உலர்த்தலாம். நாள்தோறும் ஓடும் ஏ.சி.க்கு இரு வாரத்துக்கு ஒருமுறை நல்லது. சுருளை மென்மையான தூரிகையால் தகடுகள் செல்லும் திசையிலேயே மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கும். மடங்கிய தகடும் தூசும் காற்றுக்கு ஒன்றே. வெளிப்பெட்டியில் மின்தேக்கி இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதில் மின்னூட்டம் தங்கும். மாடியின் விளிம்பில் நிற்கும் ஆபத்தும் உண்டு. அதைத் தொழில் தெரிந்தவரிடமே விட வேண்டும். அவருக்கும் இடுப்பில் கயிறு வேண்டும்.

கழிவறைக்கு ஊற்றும் அமிலத்தைச் சுருளில் தெளிப்போர் உளர். அலுமினியம் அமிலத்தோடும் வினைபுரியும், காரத்தோடும் வினைபுரியும் என்பதை வேதியியல் நண்பர்கள் அறிவார்கள். நுரை பொங்கி அழுக்கு போவதுபோல் தோன்றும். உடன் போவது தகடு. கடலோர ஊர்களில் இந்த வேலையை உப்புக்காற்றே செய்துவிடும். செம்பும் அலுமினியமும் தொட்டிருக்க, உப்பீரம் மின்பகுளியாக அமைய, சிறு மின்கலம் ஒன்று உருவாகி அலுமினியத்தை அரிக்கிறது. அங்கெல்லாம் வெளிச்சுருளை நல்ல நீரால் அடிக்கடி அலம்புவதே கைகண்ட மருந்து.

கடைசியாக, உள்சுருளின் கீழேயுள்ள தட்டையும் அதிலிருந்து செல்லும் குழாயையும் பார்க்க வேண்டும். சுவரில் வடியும் நீருக்குப் பெரும்பாலும் அந்தக் குழாயின் பாசியே காரணம். ஒரு செம்பு நீரைத் தட்டில் மெல்ல ஊற்றி, வெளியே குழாய்முனையில் ஒருவரை நிற்கவைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.