தென்காசியிலேயே பார்க்கலாம், அம்மா

மனநலம்: கேள்வி – பதில்

கேள்வி: குற்றாலத்தில் சீசன் சமயத்தில் சிப்ஸ், அல்வா விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். மற்ற மாதங்களில் பீடி சுற்றுவேன். கணவர் இல்லை. ஒரே மகன், வயது 27. பி.காம். முடித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். போன ஆடியில் வேலையை விட்டு வந்துவிட்டான். ராத்திரி தூக்கம் இல்லை. தனியாக இருக்கும்போது யாரிடமோ பேசுகிறான். பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று ஜன்னலைச் சாத்திவிடுகிறான். திருநெல்வேலியில் தனியார் டாக்டர் ஒருவரிடம் காட்டினோம். மாத்திரை சாப்பிட்டபோது நன்றாகத் தூங்கினான், தனிப் பேச்சும் குறைந்தது. பஸ், ஃபீஸ், மருந்து என்று கைக்காசு கரைந்ததில் இரண்டே மாதத்தில் நிறுத்திவிட்டோம். இப்போது பழையபடி. டாக்டர் என்றாலே "எனக்கு ஒன்றுமில்லை" என்று கத்துகிறான். ஒரு மண்டலம் அருவியில் நிற்க வைத்தால் தெளிந்துவிடும் என்கிறார் அண்ணன். மாதப் பணம் கட்டி ஒரு ஹோமில் விட்டுவிடலாம் என்கிறார் கொழுந்தனார். கல்யாணம் செய்து வை என்பவர்களும் உண்டு. எங்களுக்குக் கட்டுப்படியாகும் வழி என்ன?

— பெயர் வேண்டாம், குற்றாலம்

பதில்: கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சூட்டுவது முறையல்ல. அதை நேரில் பார்க்கும் மருத்துவர் சொல்லட்டும். ஆனால் மாத்திரை சாப்பிட்டபோது தூங்கினான், பேச்சு குறைந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அது பெரிய செய்தி. உங்கள் மகனுக்கு மருந்து வேலை செய்கிறது. நின்றுபோனது மருந்து வாங்கும் காசுதான்.

அந்தக் காசு தேவையில்லை. குற்றாலத்திலிருந்து டவுன் பஸ் தூரத்தில் இருக்கிறது தென்காசி அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனை. சாதாரண டவுன் பஸ்ஸில் உங்களுக்குக் கட்டணமே கிடையாது. மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று தமிழ்நாட்டில் 1997-ல் திருச்சியில் தொடங்கி இன்று எல்லா மாவட்டங்களிலும் நடக்கிறது. 2019-ல் நெல்லையிலிருந்து பிரிந்த உங்கள் மாவட்டத்துக்கும் அது உண்டு. காலையில் ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் "மனநலப் பிரிவு" என்று கேளுங்கள். பார்ப்பதும் இலவசம், மாத்திரையும் இலவசம். இந்தத் திட்டத்தின் மருத்துவர்கள் குறிப்பிட்ட கிழமைகளில் வட்ட மருத்துவமனைகளுக்கும் போவார்கள். எந்த ஊருக்கு எந்தக் கிழமை என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டி வந்தால் நெல்லை ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். அதற்காகச் சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை வரை ஓட வேண்டியதில்லை.

போகும்போது பழைய மருந்துச் சீட்டையும் காலி மாத்திரை அட்டைகளையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். அட்டையில் கம்பெனி வைத்த பெயர் இருக்கும், அதன் அருகில் மருந்தின் உண்மைப் பெயரும் இருக்கும். அரசு மருத்துவமனையில் தருவது அந்த உண்மைப் பெயர் கொண்ட மருந்துதான். ஆனால் நிறமும் அளவும் வேறாக இருக்கலாம். ஏற்கெனவே எல்லோர் மேலும் சந்தேகப்படும் பிள்ளை, வெள்ளை மாத்திரை மஞ்சளாக வந்தால் என்ன நினைப்பான்? இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்து அந்தப் பெயரை அவனையே படிக்கச் சொல்லுங்கள். மருத்துவமனையில் இருப்பு இல்லாத மருந்தை மக்கள் மருந்தகத்திலோ 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ குறைந்த விலைக்குக் கேட்டுப் பாருங்கள்.

இந்த வைத்தியத்தில் வீட்டைக் கவிழ்ப்பது மாத்திரையின் விலை அல்ல. கொஞ்சம் தேறியதும் நிறுத்திவிட்டு, நோய் திரும்பியபின் முதலிலிருந்து தொடங்குவதுதான். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அவன் வேலைக்குப் போகும் நாள் தள்ளிப்போகும், உங்கள் கடையும் பூட்டிக் கிடக்கும். அதனால் எவ்வளவு பெரிய டாக்டர் என்பதைவிட, மாதாமாதம் தவறாமல் போய்வர முடிந்த இடம் எது என்று பாருங்கள். கை நடுக்கம், உடல் விறைப்பு, பகலெல்லாம் தூக்கம், எடை ஏறுவது, இவற்றால்தான் பலர் சொல்லாமல் கொள்ளாமல் மாத்திரையை விடுகிறார்கள். மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது மருந்தை மாற்றுவார். தினமும் விழுங்க மாட்டேன் என்பவர்களுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசியும் இருக்கிறது.

சரி, வரமாட்டேன் என்கிறவனை என்ன செய்வது? முதல் தடவை நீங்கள் மட்டும் போய், நடப்பதைச் சொல்லி யோசனை கேளுங்கள். வீட்டை விட்டு நகர முடியாவிட்டால் 14416-க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, இரவும் பகலும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. மகனிடம் "உனக்கு மனநோய்" என்று தொடங்காதீர்கள். தூக்கம் இல்லாத அவஸ்தை அவனுக்கும் தெரியும். "தூக்கத்துக்கு ஒரு டாக்டரைப் பார்ப்போம்" என்றால் அது பொய்யும் அல்ல. சாப்பாட்டில் மாத்திரையைக் கலந்து கொடுக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள், சொல்லாமல் இருக்க மாட்டார்கள். செய்யாதீர்கள். கண்டுபிடித்துவிட்டால், சோற்றில் என்னவோ கலக்கிறார்கள் என்ற அவன் சந்தேகத்தை நீங்களே மெய்யாக்கியதாகும். அப்புறம் உங்கள் கையால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான்.

அவன் 27 வயது ஆண்மகன் என்பதை மறக்க வேண்டாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அவன் வைத்தியம் அவன் சம்மதத்தோடு நடக்க வேண்டும். முடிவெடுக்க முடியாத அளவுக்கு நோய் முற்றி, உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தால், அவனுடைய நியமனப் பிரதிநிதி (அவனுக்காக முடிவுகளில் துணை நிற்கச் சட்டம் ஏற்கும் நபர்) எழுதிக் கொடுக்க, மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பார்த்து, 30 நாள் வரை சேர்க்கலாம். சாவைப் பற்றிப் பேசினாலோ கை ஓங்கினாலோ யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வீட்டில் வயல் மருந்து இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.

அருவிக்கு வருவோம். குற்றாலத்துத் தண்ணீரில் நின்றால் பித்தம் தெளியும் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். உங்கள் அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். கூட்டம் இல்லாத வேளையில் கூட ஒருவர் நின்று குளிக்க வைத்தால் உடம்புக்கு இதம்தான். ஆனால் மாத்திரை போட்டுக்கொண்டு அருவியில் நிற்கட்டும். கோயில், தர்கா எல்லாவற்றுக்கும் இதையே சொல்வேன். ஏர்வாடி தர்காவிலேயே இன்று துஆவோடு அரசு மருத்துவமும் கிடைக்கிறது.

அந்த நிலை வருவதற்கு ஏர்வாடி கொடுத்த விலை பெரிது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். அவர்களில் பலரை அங்கே விட்டுச் சென்றது குடும்பத்தார்தான், மாதப் பணம் கட்டினால் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில். எல்லா ஹோமும் அப்படியல்ல. ஆனால் கொழுந்தனார் சொல்லும் இடத்துக்கு மனநலச் சட்டப் பதிவு இருக்கிறதா, மனநல மருத்துவர் வருகிறாரா, நினைத்த நேரத்தில் பிள்ளையைப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவத்திலும் சட்டம் தடை செய்திருக்கிறது. அதைவிட, உங்கள் மகன் இப்போது இருக்கும் நிலைக்கு ஹோமே தேவையில்லை என்பது என் எண்ணம்.

கல்யாணம் வைத்தியம் அல்ல. யார் வீட்டுப் பெண்ணுக்கோ செய்கிற துரோகம் அது. தேறி, வேலைக்குப் போய், அவனே விரும்பினால், பெண் வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

ஒன்று பாக்கி. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்ந்திருக்கிறது. வைத்தியத்துக்குப் பிறகும் பாதிப்பு நீடித்து, 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவர் சான்று தந்தால் அடையாள அட்டை வாங்கலாம். உதவித்தொகை பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். அதற்கு இப்போதே அவசரப்பட வேண்டாம், முதலில் ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிடட்டும்.

கேள்வி: சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் என் மகள் (24) மனப்பதற்றத்துக்கு கவுன்சலிங் போகிறாள். ஒரு மணி நேரத்துக்கு 1,500 ரூபாயாம். சம்பளத்தில் பாதி அதற்கே போகிறது. நான் பணம் அனுப்பினால் வாங்க மறுக்கிறாள். அங்கே என்ன பேசினாய் என்று கேட்டாலும் சொல்வதில்லை.

— ஒரு தந்தை, செங்கோட்டை

பதில்: பல ஐ.டி. கம்பெனிகள் ஊழியர்களுக்கு இலவச கவுன்சலிங் ஏற்பாடு வைத்திருக்கின்றன. மேலதிகாரிக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்துதான் பிள்ளைகள் அதைத் தொடுவதில்லை. பேசுவது கம்பெனிக்குப் போகாது என்பதற்கான விதியை எச்.ஆர். அனுப்பிய மெயிலிலேயே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மருத்துவ இன்ஷூரன்ஸ் மனநோயையும் ஏற்க வேண்டும் என்பது சட்டம். 2022-ல் இன்ஷூரன்ஸ் கட்டுப்பாட்டு ஆணையமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. ஆனால் பல பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும், கவுன்சலிங் ஃபீஸுக்குத் தராது. பாலிசியைப் பார்த்துவிட்டு நம்புங்கள். மாத்திரை தேவைப்பட்டால் சென்னையின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் மனநலப் பிரிவு உண்டு. 14416 அவளுக்கும்தான்.

கவுன்சலரிடம் பேசியதை அப்பாவிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை, கவுன்சலரும் உங்களிடம் சொல்லக் கூடாது. பணமாகத் தந்தால் வாங்க மாட்டாள் என்றால், அவள் ஹாஸ்டல் வாடகையை ஒரு மாதம் நீங்கள் நேராகக் கட்டிவிடுங்கள். கட்டிவிட்டதை மட்டும் சொல்லுங்கள், காரணத்தைச் சொல்ல வேண்டாம்.