மடங்க மறுக்கும் பின் சீட்



ஏழெட்டுப் பேர் அமரும் வண்டியில் மூன்றாம் வரிசை சீட் மடங்காமல் நின்றுவிட்டால், கோளாறு பெரும்பாலும் சீட்டில் இருப்பதில்லை. சீட்டைப் பிடித்து வைத்திருக்கும் லாக்கிலோ, அந்த லாக்கை லீவரோடு இணைக்கும் கேபிளிலோதான் இருக்கும். இரண்டில் எது என்று கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது. அதைப் பார்க்காமல் லீவரைப் பலங்கொண்டு இழுப்பவர் ஒரு கோளாறை இரண்டாக்கிவிடுகிறார்.

2005-இல் குவாலிஸின் இடத்துக்கு இந்தியச் சாலைகளில் வந்த இன்னோவாவை எடுத்துக்கொள்ளலாம். அதன் மூன்றாம் வரிசை இரண்டு தனிப் பாதிகளாக இருக்கும். முதலில் சாய்மானம் முன்பக்கம் மடிந்து இருக்கையின் மேல் படுக்கும். பிறகு அந்தப் பாதி முழுவதும் தரையை விட்டு எழும்பி, வண்டியின் பக்கச் சுவரை ஒட்டி நிற்கும். அதை வாரால் பிணைத்து நிறுத்த வேண்டும். எர்டிகாவில் இவ்வளவு இல்லை, சாய்மானம் முன்னால் படுத்துக்கொள்வதோடு சரி. அமெரிக்கச் சாலைகளில் ஓடும் ஹோண்டா ஒடிஸியிலோ சீட் தரையிலுள்ள பள்ளத்துக்குள் புரண்டு இறங்கிவிடும். மடிப்பு எப்படி இருந்தாலும் கையால் இயக்கும் சீட்டுகளின் உள்ளே வேலை செய்பவை பெரும்பாலும் கொக்கி, கம்பி, ஸ்பிரிங், கேபிள் ஆகியவைதாம். ஆகவே ஒன்றைப் புரிந்துகொண்டவருக்கு மற்றவையும் பிடிபடும்.

சீட்டின் காலடியில் இருக்கும் கொக்கி, தரையோடு பொருத்திய தடித்த எஃகுக் கம்பியைக் கவ்விக்கொள்கிறது. கவ்விய வாய் திறந்துவிடாதபடி ஒரு சிறு இரும்பு நாக்கு குறுக்கே வந்து தடுக்கிறது. லீவரை இழுக்கும்போது நகர்வது கொக்கி அல்ல, இந்த நாக்குதான். நாக்கு விலகியதும் ஸ்பிரிங்கின் விசையில் கொக்கி வாய் திறக்கிறது. சீட் மேல்நோக்கித் திமிறிக்கொண்டிருந்தால் கம்பி கொக்கியை அழுத்தும், கொக்கி நாக்கை அழுத்தும். அந்த அழுத்தத்தில் உராய்வு கூடி நாக்கு அசையாது. கீழே இறங்கிப்போன கதவின் தாழ்ப்பாளை நீக்குபவர் முதலில் கதவைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார் அல்லவா, இங்கும் அதுவே வழி: முதலில் பாரத்தை எடுக்க வேண்டும், பிறகுதான் லீவரைத் தொட வேண்டும்.

பாரம் பல இடங்களிலிருந்து வரும். டிக்கியில் அடுக்கிய பெட்டி சாய்மானத்தை முன்னால் தள்ளிக்கொண்டிருக்கும். இரண்டாம் வரிசை முழுக்கப் பின்னால் நகர்த்தப்பட்டு மூன்றாம் வரிசையை இடித்துக்கொண்டிருக்கும். கடையில் வாங்கிப் போட்ட தடித்த தரைவிரிப்பின் ஓரம் காலடியில் மடிந்து சிக்கியிருக்கும். சீட் பெல்ட்டின் பட்டை கீலுக்குள் மாட்டியிருக்கும். ஹெட்ரெஸ்ட் உயர்ந்தபடியே இருந்து முன் சீட்டில் முட்டுவதும் உண்டு. இவை ஒவ்வொன்றையும் நீக்கிய பிறகு, ஒருவர் கொக்கி இருக்கும் பக்கத்தில் இருக்கையை முழங்காலால் நன்றாகக் கீழே அழுத்த, மற்றொருவர் லீவரை நிதானமாக இழுக்க வேண்டும். சாய்மானம் மடங்கவில்லை என்றால் அதை முதலில் பின்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டும். சிக்கிய சீட்டுகளில் பல இத்துடனேயே விட்டுக்கொடுத்துவிடும். கீலின் அருகே மட்டும் விரல் இருக்கக் கூடாது. உள்ளிருக்கும் ஸ்பிரிங் திடீரென்று விடுபடும்போது நசுக்கிவிடும்.

அப்போதும் அசையாவிட்டால் லீவர் சொல்வதைக் கேட்க வேண்டும். லீவர் விறைப்பாக நின்று நகரவே மறுத்தால் லாக் இறுகியிருக்கிறது என்று பொருள். எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று வந்தால் கேபிள் கழன்றிருக்கிறது அல்லது அறுந்திருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைக் கை அறிந்துகொண்டால் தேவையில்லாமல் எதையும் கழற்ற வேண்டி வராது.

லாக் இறுகக் காரணம் துருவை விடக் குப்பைதான். கொக்கியின் வாய் தரையோடு தரையாக இருப்பதால் நாணயம், பேனா மூடி, கடலைத் தோல், ஹேர்பின் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். கடற்கரைக்குப் போய் வந்த வண்டியில் மணல் இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்து, வேக்குவம் கிளீனராலும் பழைய டூத் பிரஷ்ஷாலும் சுத்தம் செய்ய வேண்டும். குளிர்பானமோ பழனிப் பஞ்சாமிர்தமோ சிந்திக் காய்ந்திருந்தால் எண்ணெய் விட்டுப் பயனில்லை. சர்க்கரை எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு மூன்று முறை ஒற்றி எடுத்து, ஈரம் நன்றாக உலர்ந்த பிறகே மேற்கொண்டு எதையும் செய்ய வேண்டும்.

துரு இருந்தால் டபிள்யூ.டி.40 போன்ற ஸ்பிரேயைக் குழாய் வைத்துச் சிறிதளவு அடித்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, கொக்கியை முன்னும் பின்னும் அசைக்கலாம். 1953-இல் அமெரிக்காவில் உருவான அந்த ஸ்பிரே ஈரத்தை விரட்டுவதற்கென்று செய்யப்பட்டது; உலோகத்தை நெடுநாள் வழவழப்பாக வைத்திருக்க அது மட்டும் போதாது. ஆகவே இளகிய பிறகு துடைத்துவிட்டு வெள்ளை லித்தியம் கிரீஸை மெல்லியதாகப் பூச வேண்டும். தேங்காய் எண்ணெயை விடுவது பரவலான பழக்கம். அது ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும், நாள்பட்டால் பிசுக்காகித் தூசியைச் சேர்த்துக்கொள்ளும். ஊட்டிக்குப் போகிற வண்டியில் அதைவிடத் தவறான எண்ணெய் இருக்க முடியாது. எதை அடித்தாலும் சீட் பெல்ட்டின் பட்டையிலும் பக்கிளிலும் படாதபடி துணியால் மூடிக்கொள்ள வேண்டும்.

கேபிள் கோளாறு வேறு வகை. இங்கே இருப்பது பைக்கின் கிளட்சில் இருக்கும் அதே பௌடன் கேபிள்தான். இதற்கு எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் 1896-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். வெளியுறை அசையாமல் நிற்க, உள்ளிருக்கும் கம்பி மட்டும் நகர்ந்து இழுவிசையைக் கடத்தும். வெளியுறை அசையாமல் நின்றால்தான் இது நடக்கும் என்பதே இதன் உயிர்நிலை. உறையின் நுனியைத் தகட்டில் பிடித்து வைத்திருப்பது ஒரு சின்னப் பிளாஸ்டிக் கிளிப். அது உடைந்தாலோ நழுவினாலோ உறையும் கம்பியோடு சேர்ந்து நகரும். லீவர் வரும், நாக்கு வராது. பக்கவாட்டுப் பிளாஸ்டிக் மூடியையோ சீட்டின் அடிப்புறத் துணியையோ விலக்கிப் பார்த்தால் இது கண்ணில் படும். நழுவிய கிளிப்பை மறுபடி அழுத்தினால் ‘டக்’ என்று உட்காரும். உடைந்திருந்தால் கேபிள் டை ஒன்றால் இறுக்கிக் கட்டிவைப்பது வீடு வந்து சேரும் வரைக்கும்தான். உள்கம்பி இழை இழையாகப் பிரிந்திருந்தால் கேபிளை மாற்றியே ஆக வேண்டும். அதுவரை சீட்டை மடக்க, கம்பியின் நுனியை நோஸ் பிளையரால் பிடித்து நேராக இழுத்தால் லாக் திறக்கும். மூடியைக் கழற்றும்போது மறைந்திருக்கும் ஸ்க்ரூ ஒன்று எப்போதும் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு தேடுவது நல்லது. நெம்பி உடைந்த மூடிகளில் பாதி அந்த ஒரு ஸ்க்ரூவால் உடைந்தவை.

நேர்மாறான தொல்லையும் உண்டு. மடக்கிய சீட்டை மீண்டும் இறக்கினால் தரையில் லாக் ஆகாமல் துள்ளிக்கொண்டு நிற்கும். சீட் தூக்கியிருந்த சமயத்தில் யாரோ கொக்கியைத் தட்டிவிட, அது கம்பி இல்லாமலேயே வாயை மூடிக்கொண்டிருக்கும். மூடிய வாயைக் கம்பியின் மேல் எத்தனை முறை மோதினாலும் கவ்வாது, கொக்கிதான் வளையும். லீவரை ஒருமுறை இழுத்துவிட்டால் வாய் திறந்துகொள்ளும். இந்த நிலையில் ஒரு சோதனையும் செய்து பார்க்கலாம்: தடித்த ஸ்க்ரூடிரைவரின் தண்டைக் கொக்கியின் வாய்க்குள் வைத்து அழுத்தினால் அது கவ்வ வேண்டும், லீவரை இழுத்தால் விட வேண்டும். இது சரியாக நடந்தால் லாக்கும் கேபிளும் நலம். தரைக் கம்பியின் பக்கம்தான் ஏதோ தடுக்கிறது.

பொத்தானை அழுத்தினால் மடங்கும் மின்சார சீட்டில் முதலில் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் கியர் ‘பார்க்’கில் இருந்தால்தான், சிலவற்றில் டிக்கி திறந்திருந்தால்தான் மோட்டார் வேலை செய்யும். சீட்டின் அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் தென்பட்டால் அது ஏர்பேக் இணைப்பு. அதை வீட்டில் யாரும் பிடுங்கக் கூடாது. அந்தப் பகுதியைக் கழற்ற வேண்டிய வேலை ஒர்க்‌ஷாப்புக்கு உரியது.

சரிசெய்த சீட்டை ஐந்தாறு முறை மடக்கி விரித்து, ஒவ்வொரு முறையும் லாக் விழும் சத்தத்தைக் கேட்டு, சாய்மானத்தை இரு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்க்க வேண்டும். ஆடினால் அதில் ஆள் உட்காரக் கூடாது. கயிற்றால் கட்டிவைத்துக் குழந்தைகளை உட்கார வைப்பதை எந்த அவசரத்திலும் ஏற்க முடியாது. திடீர் பிரேக்கில் அந்தச் சீட் அவர்களோடு சேர்ந்து முன்னால் வரும். விபத்தில் வளைந்த தரைக் கம்பியையும், பல் தேய்ந்த சாய்மானக் கீலையும் தெருவோரப் பட்டறையில் வெல்டிங் வைத்து ஒப்பேற்றாமல் முழுப் பாகமாகவே மாற்ற வேண்டும். பாகம் வாங்கப் போகிறவர் ஆர்.சி.யில் உள்ள 17 எழுத்து சேஸிஸ் எண்ணைக் கையோடு கொண்டுபோக வேண்டும். இடது சீட்டுக்கா வலது சீட்டுக்கா என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டின் கேபிளும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதில்லை.