எல்லை தாண்டினால் மாறும் சட்டம்

கேள்வி: நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் படிக்கும் என் மகன், அங்கே கஞ்சாவைக் கடை வைத்தே விற்பதாகச் சொல்கிறான். இங்கே குற்றமானது அங்கே எப்படி நியாயமாயிற்று?
- ஒரு தாயார், நெய்வேலி

பதில்: அம்மையீர், கஞ்சா அங்கும் சட்டப்படி விலக்கப்பட்ட வஸ்துவே. 1976-இல் தம் அபினிச் சட்டத்தைத் திருத்திய அந்நாட்டார், கொடிய போதைப் பொருள்களினின்று அதைப் பிரித்து வைத்ததன் பயனாக, 'காபிக்கடை' என்று பெயர் தாங்கிய இடங்களில், 18 வயது நிரம்பியவருக்கு 5 கிராமுக்கு மேற்படாமல் விற்பது சகித்துக்கொள்ளப்படுகிறது. அதே கடைக்காரர் பின்வாசல் வழியே சரக்குக் கொள்முதல் செய்வதோ நெடுங்காலம் குற்றமாகவே இருந்து வந்தது; இம்முரண்பாடு எனக்கு உவப்பானதன்று.

கடலூரைத் தாண்டிப் புதுச்சேரிக்குச் செல்லும் பேருந்து முள்ளோடையை அடைந்ததும் மதுக்கடைப் பலகைகள் தொடங்குவதையும், திரும்புகையில் சோதனைச் சாவடியில் பைகள் துழாவப்படுவதையும் தாங்கள் கண்டிருப்பீர்கள். மாஸ்ட்ரிக்டிலும் பெல்ஜியத்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்து மொய்த்த கூட்டத்தைத் தடுக்கவே, நெதர்லாந்தில் குடியிருப்பவர்க்கு மட்டும் என்ற விதி 2012-இல் ஏற்பட்டது. தங்கள் புதல்வரோ அங்கே குடியிருப்பவர். கதவு அவருக்குத் திறந்தே இருக்கும் என்பதுதான் என் கவலை.

நம் தேசத்தின் 1985-ஆம் வருஷத்துச் சட்டம், பூக்கும் நுனியையே கஞ்சா என வரையறுத்து, தனி இலையை விட்டுவிட்டமையால், ஜெய்சால்மரில் அவ்விலையாலான பாங்கை விற்கும், அரசு உரிமம் பெற்ற கடை இன்றும் பகிரங்கமாக நடைபெறுகிறது. ஆயினும், விடுமுறையில் வரும் பிள்ளையின் சட்டைப்பையில் ஒரு கிராம் கஞ்சா இருந்தாலும் ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க இடமுண்டு. இதை அவருக்கு இன்றே எழுதிவிடுங்கள்.